இரண்டு பேர் கொண்ட சந்தை

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பல் துலக்கிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அது கொதிக்க ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடத்தில் மனைவியின் கம்ப்யூட்டரைத் திறந்து, அதை மெதுவாக்க ஏதாவது ஒன்று செய்துவிட்டு மூடுவேன். பிறகு இரண்டு காப்பி கலப்பேன். அவள் ஆறரைக்கு எழுந்து வருவாள். நான்கு மாதம் இப்படித்தான் போயிற்று.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். அதனால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தின் சந்தை ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். நூறு மேசைகளில் எத்தனையில் எங்கள் ரகம் இருக்கிறது என்று எண்ணுவது என் வேலை. எண்பத்தெட்டில் இருக்கிறது. எட்டில் போட்டி நிறுவனத்தின் எதிர் ரகம். மீதி உதிரி. என் மனைவி அந்த எட்டில் ஒருத்தி. பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பாள், வேலை வீட்டிலேயே. கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம். அப்போதிருந்தே அந்த ரகம்தான். ஏன் என்று கேட்டால், "எட்டுப் பேர் இருக்கற இடத்துல காத்து வருதுப்பா" என்பாள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம். ஊழியர்களின் வீடுகளையும் கணக்கெடுத்து, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவார்கள். வீடு முழுக்க எங்கள் ரகம் என்றால் ஒரு பச்சை வட்டம். எல்லோருக்கும் முழு வட்டம். எனக்குப் பாதி. மேலாளர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

"உன் சந்தையில மொத்தமே ரெண்டு பேரு. அதுல ஒரு ஆள் நீ. மிச்சம் ஒண்ணப் புடிக்க முடியலையா தம்பி?"

காரணம் இவ்வளவுதான். எனக்கு வேறு ஒரு பெண்ணோடு தொடர்பு இருப்பதாக அவளுடைய அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். பாவம், அவருக்கு இன்னும் பெரிய காரணம் தேவைப்படுகிறது.

எங்கள் தொழிலில் யாரையும் வாங்கு என்று வற்புறுத்தக் கூடாது. கையில் இருப்பது சலிக்க வேண்டும். அப்புறம் அவர்களாகவே வருவார்கள். விரும்பித் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார்கள். ஆய்விலும் அப்படித்தான் பதிவாகும். முதலில் அவள் திரையில் எழுத்துகளைக் கலைத்தேன். பிறகு ஒரு படத்தைத் திறப்பதற்கே ஒன்பது நிமிடம் ஆகும்படி செய்தேன். அறிவியல் பாடத்துக்காக ஒரு வாரமாக வரைந்த, அறுத்த தவளையின் படம் ஒன்று குடலோடு காணாமல் போனது. அன்று அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து சமாதானப்படுத்தினேன். அப்போதுகூட எங்கள் ரகத்தின் பெயரை நான் எடுக்கவில்லை.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கும். தூக்கத்தில் இறங்கினால் தெரியாது, உயிரே போய்விடலாம். கையில் ஒட்டியிருந்த சிறு கருவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை அவள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். இறங்கினால் கம்ப்யூட்டர் அலறும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார். போனிலும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு, வீட்டில் கத்துவதற்கு ஒன்று போதும் என்றுவிட்டாள்.

அந்த மென்பொருளை எதிர் ரகத்துக்குத்தான் முழுதாக எழுதியிருந்தார்கள். எங்கள் ரகத்தில் அளவு திரையில் தெரியும், அவ்வளவுதான். அலாரம் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும் என்று குறிப்பில் இருந்தது. படித்தேன். இரண்டு முறை படித்தேன். அடுத்த பதிப்புக்கு அதிகம் போனால் ஆறு வாரம் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே, போதும், உன்னுடைய ரகத்தையே வாங்கிக் கொடு என்றாள். நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை புதியது வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் நாற்காலி போட்டு ஏறி, மீதிப் பாதிக்குப் பச்சை அடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் அவள் போன் செய்தாள்.

ஆறு மணிக்கு நான் வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. திரை அளவைச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது.

புதியது ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் என்று அவளுடைய அண்ணனிடம் சொன்னேன். அவள் விருப்பப்பட்டு மாறினாள் என்பது அவருக்கும் ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன்.

பழையதைக் கெடுத்தது யார் என்று அவளுக்கு இரண்டாம் மாதமே தெரியும். என் திருட்டு முழியைப் பார்க்கப் பாவமாக இருந்ததால்தான் மாறினாளாம். போனில் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்: இதிலும் அலாரம் அடிக்கும்தானே, நீ பார்த்துவிட்டாய்தானே என்று. இல்லை என்று நான் சொல்லியிருந்தால், அந்த நிமிடமே பழையதை எடுத்து மேசையில் வைத்திருப்பாள். மேலாளர் இன்னும் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. அடிக்கும் என்றேன்.

"அப்ப சரிப்பா. நான் கொஞ்ச நேரம் படுக்கறேன்."