ரெண்டாவது காது

ஆத்துக்குப் பாலமும் வரல, மலைக்கு ரோடும் வரல, அந்தக் காலத்துல ஆத்தங்கரையில நாணல்கோட்டைன்னு ஒரு ஊரு. மண்ணுல கட்டுன கோட்டை, அதுல ஒரு ராசா. அங்கன நின்னு அண்ணாந்து பாத்தா தேக்குமலை, அதுல ஒரு ராசா. கீழ இருக்கவரு நெல்லுக்கு ராசா, மேல இருக்கவரு தண்ணிக்கு ராசா. ரெண்டு வம்சத்துக்கும் ஆகவே ஆகாது. மேல உள்ளவுக ஓடைய மறிப்பாக. கீழ உள்ளவுக உப்பையும் நெல்லையும் மறிப்பாக. மறிச்சா சண்டை, சண்டைன்னா சாவு. பாட்டன் ஆரம்பிச்சது பேரன் காலம் வரைக்கும் ஓயலையாம்.

நாணல்கோட்டை ராசாவுக்கு ரெண்டு பிள்ளைக. மூத்தது பொண்ணு, ஆவுடைநாச்சி. இளையது பையன், கடம்பராயன். தாயில்லாத வீடு. தம்பிக்குச் சோறு ஊட்டி வளத்தது அக்காதான். அக்கா சொன்னா அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

பெரிய ராசா ஒருநாள் யோசிச்சாராம். 'எத்தனை காலத்துக்கு வெட்டிக்கிட்டுச் சாவுறது? பொண்ணக் கொடுத்தா பகை தீரும்.' தேக்குமலை ராசா மகன் மலைக்கொழுந்துக்கு ஆவுடைநாச்சியக் கொடுக்கிறேன்னு வெத்தலைத் தட்டு அனுப்புனாரு.

தட்டு மலையேறுன அன்னையில இருந்து ஆவுடைநாச்சி கால் தரையில இல்லையாம். மலைக்காரவுக என்ன திம்பாக, எப்படிப் பேசுவாக, எந்தச் சாமியக் கும்பிடுவாகன்னு தேன் விக்க வாறவளக் கூப்பிட்டு வச்சுக் கேட்டுக்கிட்டே இருப்பாளாம். சாயங்காலம் மாடியில நின்னு மலையவே பாத்துக்கிட்டு இருப்பாளாம்.

போன தட்டு திரும்பி வந்துருச்சு.

"தண்ணி மேலருந்து கீழதான் இறங்கும், கீழருந்து மேல ஏறாது. நாங்க உங்ககிட்டப் பொண்ணு எடுக்க மாட்டோம். வேணும்னா எங்க பொண்ண எடுத்துக்கோங்க"ன்னு மலையிலருந்து சொல்லி விட்டாக. பெரிய ராசாவுக்குப் பகை தீந்தாப் போதும். சரின்னுட்டாரு. ஆவுடைநாச்சிய யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

மலைக்கொழுந்தோட தங்கச்சி குழல்வாய்நாச்சி பல்லக்குல இறங்கி வந்தா. கடம்பராயனுக்குப் பொண்டாட்டி ஆனா. மாப்பிள்ளை முத முடிச்சுப் போட, மிச்ச முடிச்ச நாத்தனாதான போடணும்? போட்டா. போடும்போது ஆவுடைநாச்சி முடிச்ச இறுக்குன இறுக்கத்தப் பாத்து, "தம்பி மேல அம்புட்டுப் பாசம்"னு கூட்டம் பேசிக்கிட்டுச்சாம். பாசமா அது? பொறாமையில்ல இறுக்குச்சு!

அந்த வருசம் ஓடையில தண்ணி வந்துச்சு, நெல்லு வெளஞ்சுச்சு, உப்பு மலையேறுச்சு. ஊரே குழல்வாயக் கொண்டாடுச்சு. "ரெண்டு நாட்டையும் சேத்து வச்ச மகராசி"ன்னு கும்பிடுவாக. ஒவ்வொரு கும்பிடும் ஆவுடைநாச்சிக்கு முள்ளு. 'அந்தக் கும்பிடு எனக்கு வரவேண்டியது. அவ அண்ணனக் கட்டி நான் மேல போயிருந்தா இந்த மகராசி நானில்லையா?' அவ சிரிச்சா எரிச்சல், அவ சாப்பிட்டா எரிச்சல். அவ புருசனோட பேசுற சத்தம் கேட்டா, சும்மா இருக்க வேலைக்காரிய வைவாளாம்.

குழல்வாய் கெட்டவ இல்ல. ஆனா வாய் முந்திரும். ஒருநாள் மதினிக்குத் தலை வாரி விடும்போது, ஆறுதலாச் சொல்றதா நினைச்சு, "மதினி, இம்புட்டு முடியோட உங்கள எங்க அண்ணன் பாத்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டாக"ன்னுட்டா.

ஆவுடைநாச்சி பாதிச் சடையோட எந்திரிச்சுப் போயிட்டா. அந்தப் பேச்ச அவ கடைசி வரைக்கும் மறக்கலையாம்.

நாலஞ்சு வருசம் கழிச்சுக் குழல்வாய்க்கு ஆம்பளப் பிள்ளை பிறந்துச்சு. பேரன் முகத்தப் பாத்துட்டுப் பெரிய ராசா கண்ண மூடிட்டாரு. கடம்பராயன் ராசாவானான். பிள்ளையோ அத்தைகிட்ட ஒட்டிக்கிச்சு. தாய் தூக்குனா அழும், அத்தை தூக்குனா சிரிக்கும். முதமுதலாப் பேசுன வார்த்தையே "அத்த"தானாம். அந்த வீட்டுல அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

பிள்ளைக்குக் காது குத்து வச்சாக. காது குத்துன்னா தாய்மாமன் மடியிலதான வைக்கணும்? மாமன் யாரு? மலைக்கொழுந்து! ஆவுடைநாச்சிக்குத் தூக்கம் போச்சு. 'என்னைய வேண்டாம்னு தள்ளுனவன். அவன் மடியில போயி எம்பிள்ளை உக்காரணுமா? கட்டிக்கொடுத்தது அவுக, பெத்தது அவுக, இப்ப மடியும் அவுகளுதா? அப்ப எனக்கு என்ன?'

காது குத்துற அன்னைக்குக் காலையில தம்பிகிட்டப் போனா.

"தம்பி, சீர்க்கூடையில பழத்துக்கு அடியில வாளு இருக்காம்ய்யா. தேன்காரி பாத்துட்டு வந்து சொல்றா. உள்ள வந்து கோட்டையப் பிடிக்கப் போறாகளாம்."

"அக்கா, நெசமாவா?"

"நான் உங்கிட்டப் பொய் சொல்லுவேனா?"

அக்கா சொல்லிட்டாளே! கோட்டைக் கதவ அடைச்சான். மதில் மேல வில்லுக்காரங்கள நிறுத்திட்டான்.

மேளம் முழங்க மலைக்காரவுக வந்தாக. பலாப்பழம், தேன், மிளகு, தங்கக் கடுக்கன்னு கூடை கூடையாச் சீரு. வந்து பாத்தா கதவு சாத்தியிருக்கு. மேல அம்பு குறி பாக்குது. மேளம் நின்னு போச்சு.

மலைக்கொழுந்து சத்தம் போட்டாரு. "மாப்பிள்ளை! சீர் கொண்டாந்த தாய்மாமனுக்குக் கதவடைப்பா?"

கடம்பராயன் மேலருந்து சொன்னான். "கூடையக் கவுத்துக் காட்டுங்க. அப்புறம் தொறக்கேன்."

"சந்தேகப்பட்டுக் கேட்டா ஒரு மிளகக்கூடக் கவுக்க மாட்டேன்!"

மலைக்காரவுக கையெல்லாம் ஈட்டிக்குப் போயிருச்சு. ஒருத்தன் ஒரு அம்ப விட்டாப் போதும், பழைய கதை திரும்ப ஆரம்பிச்சிரும்.

சத்தங்கேட்டு இடுப்புல பிள்ளையோட குழல்வாய் ஓடியாந்தா. "யாரு சொன்னா வாளு இருக்குன்னு?"

"அக்கா சொன்னாக"ன்னான் கடம்பராயன்.

மதில் மேல நின்ன ஆவுடைநாச்சியக் குழல்வாய் ஒரு பார்வை பாத்தா. பெரிய கதவுக்குள்ள இருக்க சின்னத் திட்டிவாசலத் தொறந்து, பிள்ளையோட வெளிய போயிட்டா. வில்லுக்கும் ஈட்டிக்கும் நடுவுல நின்னா. இனி யாரு அம்பு விடுவா?

"அண்ணே, இந்தப் பாறையில உக்காருங்க. உள்ள வரவேண்டாம். கூடையையும் கவுக்க வேண்டாம். இங்கனயே குத்துவோம். ஆசாரிய வெளிய வரச்சொல்லுங்க!"

மலைக்கொழுந்து உக்காந்தாரு. ஆசாரி பயந்து பயந்து வந்து வலது காதக் குத்துனாரு. பிள்ளை வீறிட்டு அழுதுச்சு. மாமன் மடியில இருந்து திமிறி, மதிலப் பாத்து ரெண்டு கையையும் நீட்டி, "அத்த! அத்த!"ன்னு கத்துச்சாம்.

குழல்வாய் அண்ணாந்து பாத்தா. "மதினி, பிள்ளை கூப்பிடுதான். இறங்கி வாங்க. இன்னொரு காது உங்க மடியில."

ஆவுடைநாச்சி இறங்கி வந்தா. எப்படி இறங்குனா, எந்தப் படியில கால வச்சான்னு அவளுக்கே தெரியலையாம். பாறைகிட்ட வந்து மலைக்கொழுந்த முதமுதலாப் பக்கத்துல பாத்தா. தலை நரைச்சு, முகத்துல அம்மைத் தழும்போட, பிள்ளை அழுகைய நிறுத்தத் தெரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு மனுசன். இத்தனை வருசமா அவ மனசுக்குள்ள இருந்தவரு இவரு இல்ல.

எல்லாருக்கும் கேக்கச் சொன்னா. "கூடையில வாளு இல்ல. நான் சொன்னது பொய்."

மதில் மேல கடம்பராயன் முகம் செத்துப் போச்சு.

மலைக்கொழுந்து கேட்டாரு. "ஏன் தாயி? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"எம்பேரச் சொல்லி வந்த தட்டத் திருப்பி விட்டீகளே!"

அவரு முழிச்சாரு. "எந்தத் தட்டு? எங்க அய்யா பொண்ணு கொடுத்ததுதான் எனக்குத் தெரியும். உங்களக் கேட்டு வந்தாகன்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே."

அப்படியே பாறையில உக்காந்துட்டாளாம் ஆவுடைநாச்சி. அவ பேரையே கேக்காத ஒரு மனுசனுக்காக இத்தனை வருசம் எரிஞ்சிருக்கா!

குழல்வாய் பிள்ளையத் தூக்கி அவ மடியில போட்டா. அத்தை கண்ணீரு பிள்ளை தலையில விழ விழ, ஆசாரி இடது காதக் குத்துனாரு. கதவு தொறந்துச்சு. மேளம் உள்ள போச்சு.

பெறகு கடம்பராயன் பொண்டாட்டியக் கேட்டானாம். "ரெண்டு நாட்டையும் வெட்டிக்கச் சொன்னவள எப்படி மன்னிச்ச?"

"மன்னிச்சேன்னு யாரு சொன்னா? பிள்ளை கூப்பிட்டுச்சு, கொடுத்தேன். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நிக்கிறவ கோவத்தப் பாத்தா முடியுமா?"

ஆவுடைநாச்சிக்குப் பொறாமை போயிருச்சான்னு கேப்பீக. போகலன்னுதான் சொல்லுதாக. ஊரு குழல்வாயக் கும்பிடும்போதெல்லாம் அவ முகத்தத் திருப்பிக்கிடுவாளாம், சாகுற வரைக்கும். ஆனா மலைக்காரவுகளப் பத்தி ஒரு பொல்லாப்புக்கூட அவ வாயிலருந்து மறுபடி வரலையாம்.

கோட்டை ஆத்துல கரைஞ்சு போச்சு. பாறை கிடக்கு. மடிப்பாறைன்னுதான் பேரு. இன்னைக்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் காது அதுலதான் குத்துவாக. வலது காது மாமன் மடியில, இடது காது அத்தை மடியில. அத்தை வராம அடுத்த காதத் தொடமாட்டாக. பேச்சு வார்த்தை இல்லன்னாலும் வாசலுக்குப் போயிக் கூப்பிட்டாகணும்.

போன தையில பாருங்க, நம்ம கருத்தப்பாண்டி பேத்திக்குக் காது குத்து. அத்தைக்காரிக்கும் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. காலையிலருந்து ஆள் மேல ஆள் அனுப்புறாக, வரமாட்டேங்கா. ஒத்தக் கம்மலோட பிள்ளை அழுது அழுது ஓஞ்சு போச்சு. பந்தியில எல போட்டு, சோறு ஆறிப் போச்சு. உச்சி வெயில்ல அத்தைக்காரி பஸ்ஸ விட்டு இறங்கி வந்தா. அண்ணன் முகத்தப் பாக்கல, மதினி முகத்தப் பாக்கல. நேரா வந்து பாறையில உக்காந்து, முந்தானைய இழுத்து மடிய விரிச்சா.