இடது முழங்கால்

பிள்ளைகளே, நான் குனிந்தபடி ஓடுகிறேன். கையில் தண்ணீர் வாளி. எங்கோ தூரத்தில் 'டும்'. பிறகு தலைக்கு மேலே ஷெல்லின் கூவல். கூவல் நின்றால் விழுந்து படுக்க வேண்டும். நிற்காமல் போனால் அது வேறு யாருக்கோ. நின்றது. படுத்தேன். மண் வந்து முதுகில் கொட்டியது. எழும்பிப் பார்த்தேன். வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது. ஓடினேன்.

போன ஞாயிறு சின்னவள் கேட்டாள்.

"அப்பா, கோயில்ல எல்லாரும் வலது முழங்காலை மடக்கினம். நீங்க மட்டும் ஏன் பிழையான காலை மடக்குறீங்க?"

மூத்தவன் சிரித்தான். "அப்பாதான் எங்களுக்குப் பழக்கினவர். அவரே பிழை விடுறார்."

எழுதித் தருகிறேன். இதுதான் பதில்.

ஆவணி மாதம். வெயில் ஏறிய நேரம். மூதூருக்குப் பக்கத்தில் எங்கள் கரையில் மூன்றாம் நாளாக ஷெல் விழுகிறது. உங்கள் அம்மா மூத்தவனை மடியில் வைத்துக்கொண்டு முதல் நாளே கிண்ணியாவுக்குப் போய்விட்டா. நீங்கள் மற்ற இரண்டு பேரும் அப்போது பிறக்கவில்லை. நான் போகவில்லை. கோயிலைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம். கோயிலுக்குள் சனம் நிறைந்திருந்தது. வேதக்காரர், சைவக்காரர், முஸ்லிம்கள். பூசைக்கு இருக்கிற நீள வாங்குகளுக்குக் கீழே குழந்தைகள்.

பங்குச் சுவாமி பட்டணத்துக்குப் போனவர். பாதையை மூடிவிட்டார்கள். திரும்பி வர ஏலவில்லை. சனத்தைப் பார்த்தது சிஸ்டர் எமிலியா. மருந்து கட்டத் தெரிந்தவர். வந்துவிடச் சொல்லிக் கன்னியர் மடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். "ஏலாது. இந்தச் சனத்தையும் ஏத்த இடம் இருந்தா வாறன்" என்று வந்தவரைத் திருப்பி அனுப்பினார். மா முடிந்தபோது, பூசையில் நற்கருணைக்கு அப்பம் சுடுகிற மாவை எடுத்துக் கஞ்சியில் கரைத்தார். நான் தயங்கி நின்றேன். "என்ன பாக்கிறீர்? இது இன்னும் ஆண்டவராகேல்லை. வெறும் மா. கிண்டும்" என்றார்.

அன்று காலை நற்கருணைப் பேழையை, பூசையில் ஆண்டவரான அப்பத்தை வைக்கிற பெட்டியை, திறந்தார். கோயில் உடைந்தால் நற்கருணை காலில் மிதிபடும் என்று பயம். இருந்ததையெல்லாம் வேதக்காரருக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்று எரிகிற அணையா விளக்கை ஊதி அணைத்தார். பேழைக் கதவைத் திறந்தபடியே விட்டார். "ஆண்டவர் இப்ப எங்களுக்குள்ள. இது வெறும் பெட்டி."

இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். வெறும் பெட்டி. அவருக்கு அது தெரியும்.

தண்ணீரோடு நான் உள்ளே வருகிறேன். சரசுவுக்குப் பிள்ளைப்பேற்றுக் குத்து எடுத்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பெட்டை. தலைப்பிள்ளை. புருசன் எங்கே என்று தெரியாது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே பெறுவிக்க ஏலாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் போகும் என்றார் சிஸ்டர். கரையில் ஒரேயொரு போட். குறிஞ்சாக்கேணி சலீம் காக்காவுடையது. மீன் ஏற்ற வந்து அகப்பட்டவர். தனியே போயிருக்கலாம். போகவில்லை.

தூக்கிப்போக ஒன்றும் இல்லை. நான் ஆசந்தியை இழுத்து வந்தேன். பெரிய வெள்ளியன்று மரித்த ஆண்டவரின் சொரூபத்தைக் கிடத்தித் தூக்குவோமே, அந்த மரப்படுக்கை.

காக்கா பார்த்தார். "என்ன சிஸ்டர், புள்ள பெறப் போறவள மையத்துக் கட்டில்லயா ஏத்துறீங்க?"

"இதில படுத்தவர் மூண்டாம் நாள் எழும்பினவர் காக்கா. பயப்பிடாமத் தூக்குங்க."

"எழும்பினாச் சரி" என்றார் காக்கா. தூக்கினார்.

நாலு பேர் தூக்குகிற சாமான். முன்னுக்குக் காக்கா. பின்னுக்கு நான். சரசு பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். எல்லாருக்கும் முன்னால் சிஸ்டர். பீடத்துக்கு முன்னால் குறுக்கே போய்க் கடல்பக்க வாசலால் இறங்க வேண்டும். வாசலில் அந்தோனிப்பிள்ளை அண்ணை வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். கூவல் கேட்டால் கத்துவது அவர் வேலை.

"இப்ப வாங்கோ! ஓடி வாங்கோ!"

ஓடினோம். பீடத்துக்கு நேரே வந்ததும் சிஸ்டர் நின்றார். வலது முழங்காலை மடித்தார்.

வெறும் பெட்டி. விளக்கு இல்லை. அவரே அணைத்தவர். ஆனால் ஆயுள் முழுக்க அந்த இடத்தில் மடிந்த முழங்கால். அது தானாக மடிந்தது. காக்கா அவரில் முட்டி நின்றார். ஆசந்தி என் வயிற்றில் இடித்தது.

"விழுங்கோ! விழு..."

வாசலிலேயே விழுந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வெள்ளையாக ஒரு வெளிச்சம். பிறகு ஓடுகள் கொட்டின. பிறகு காதுக்குள் ஒரே இரைச்சல். சிஸ்டர் முழந்தாளில் இருந்தபடியே முன்னுக்குச் சரிந்திருந்தார். வெள்ளை உடுப்பின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. வாசலைப் பார்த்தேன். அந்தோனிப்பிள்ளை அண்ணை நின்ற இடத்தில் அவர் இல்லை. சுவரில் இருந்தார்.

சிஸ்டர் நிற்காமல் போயிருந்தால் நாங்கள் நாலு பேரும் வாசலில். ஆண்டவர் செய்த புதுமை என்று சனம் சொல்கிறது. நான் சொல்லமாட்டேன். அண்ணை வாசலில்தானே நின்றார். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் கைப்பிடியை விடவில்லை. தூக்கவும் ஏலவில்லை. வலது முழங்கால் இருந்த இடத்தில் இரத்தமும் எலும்பும். காக்கா கத்தினார். "பொம்புளையள் வாங்க! புடிங்க! புள்ளைக்காரியத் தூக்குங்க!" வாங்குகளுக்குக் கீழேயிருந்து பெண்கள் வந்தார்கள். முக்காடு போட்ட ஒருவர் என் கையை விரல் விரலாகப் பிரித்துக் கைப்பிடியை வாங்கினார். என்னையும் இழுத்துப் போட்டில் போட்டார்கள். சிஸ்டரை விட்டுவிட்டுப் போனோம். ஒரு சீலையால் மூடக்கூட நேரம் இல்லை.

கிண்ணியா ஆஸ்பத்திரியில் சரசுவின் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். தாயும் தப்பினாள். பெட்டைப்பிள்ளை. கையில் கட்டோடு காக்கா வந்து என் கட்டிலில் இருந்தார். "அந்தச் சத்தம் கேட்டீங்களா? ஷெல்லுக்கு மேலால கத்துறாள்." சொல்லிவிட்டு அழுதார்.

இழந்தது இவ்வளவு. சிஸ்டர் எமிலியா. அந்தோனிப்பிள்ளை அண்ணை. வாங்குக்குக் கீழே ஓடு விழுந்து செத்த இரண்டு பிள்ளைகள், றெஜி, பாத்திமா. காக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள். கோயில் கூரை. மணி. அணையா விளக்கின் சிவப்புக் கண்ணாடி. என் வலது முழங்கால்.

சண்டை தள்ளிப் போன பிறகு ஊருக்குத் திரும்பினேன். ஊன்றுகோலோடு தனியே கோயிலுக்குள் போனேன். மேலே ஆகாயம். பேழைக் கதவு திறந்தபடியே இருந்தது. உள்ளே தூசி. பீடத்துக்கு நேரே வந்ததும் நின்றேன். வலது கால் மடியாது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தேன். வாங்கைப் பிடித்துக்கொண்டு இடது முழங்காலை மடித்தேன். பிறகு எழும்பி, விளக்குமாற்றைத் தேடி எடுத்து, கூட்டத் தொடங்கினேன்.