கிழக்குச் சுவருக்குப் போட்ட கண்ணாடி

மேடையில் கிழக்கு நாற்காலியில் வீற்றிருக்கும் லாட்ஜ் தலைவர் அவர்களே, ஃப்ரீமேசன் சகோதரர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, வணக்கம்.

பொறியாளர் அண்ணன் போய்விட்டார். இந்தக் கட்டடத்தைத் தன் உடம்பைப் போலப் பார்த்துக்கொண்டவர் போய்விட்டார். நம் சங்கக் கிளையை ‘லாட்ஜ்’ என்பார்கள் என்று அறியாமல், வாசல் பலகையில் அந்தச் சொல்லைக் கண்டு பெட்டியோடு வந்து ரூம் கேட்பவர்களிடம், “ரூம் பெருசாத்தான் இருக்கு, ஆனா நம்பித் தூங்க முடியாது” என்பார். நாம் சிரித்தோம். அவர் சிரித்ததை யாராவது பார்த்தீர்களா?

இக்கட்டடத்தின் வரலாற்றைத் தோண்டி எடுத்தவர் அவர்தான். தலைவரின் நாற்காலி கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்பது நம் மரபு. இந்த மனையை வாங்கிய பெரியவர்களுக்குக் கிழக்கே இடம் போதவில்லை. ஒரு குளம் குறுக்கே கிடந்தது. வேறு மனை பார்த்திருக்கலாம். பார்த்தார்களா? குளத்தைத் தூர்த்து அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். தூர்த்த குளம் சும்மா இருக்குமா?

சில மழைக்காலங்களுக்கு முன் அந்தச் சுவரில் விரிசல் கண்டார் அண்ணன். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

“என்னண்ணே, சுவருக்குப் பார்வை மங்கிடுச்சா?” என்று கேலி செய்தார் நம் பொருளாளர்.

“சுவருக்கு நல்லாத் தெரியுது. கண்ணாடி உங்களுக்குத்தான். உடைஞ்சா உட்கார்ந்து பேசிட்டிருக்காதீங்க, எழுந்து போயிடுங்க.”

மண்டபத்தைப் பூட்டிவிடச் சொல்லி மன்றாடினார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றோம். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னோம்.

ஆஸ்பத்திரியில் அவர் அண்ணியிடம் கடைசியாகக் கேட்டது பிள்ளைகளைப் பற்றி அல்ல. “கண்ணாடியைப் பார்த்தாங்களா?” என்றுதான் கேட்டாராம். இன்று உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். எல்லாம் முழுசாக இருந்தன. அந்தத் தைரியத்தில்தான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

அவர் விட்டுச்சென்ற பணியை...

சற்றுப் பொறுங்கள். இப்போது கேட்ட சத்தம் யாருடைய பேனாவும் விழுந்த சத்தம் அல்ல. தலைவருக்குப் பின்னால் பாருங்கள். நடுக் கண்ணாடித் துண்டு இரண்டாகிவிட்டது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்க இருந்தோம். அதை இந்த நிமிடமே நிறைவேற்றுவோம். தலைவர் அவர்களே, நாற்காலியை விட்டு மெல்ல இறங்குங்கள். பொருளாளரே, கதவு இரண்டையும் அகலத் திறந்துவிடுங்கள். யாரும் ஓட வேண்டாம், தள்ள வேண்டாம். மௌன அஞ்சலியைத் தெருவில் நின்று செலுத்துவோம். அண்ணன் படத்தை நான் எடுத்து வருகிறேன்.

அண்ணி, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அண்ணன் கேட்டாரே... பார்த்துவிட்டோம்.