சபை என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

எனக்கு மழை பிடிக்கும் ஐயா. ஊரே மழையைத் திட்டிக்கொண்டிருந்த அந்த வாரத்திலும் நான் அலுவலக ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன். சாரல் என் மேசைவரை வராது.

சபைச் செயலாளரின் வேலை என்னவென்று வெளியே பலருக்குத் தெரியாது. யார் எப்போது பேசலாம், ஓட்டுகளை எப்படி எண்ணுவது, எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்றெல்லாம் சபாநாயகரின் காதோரம் நின்று சொல்வதுதான். சபாநாயகர்கள் வருவார்கள், போவார்கள். நான் இருப்பேன். நான் சொன்ன விளக்கம் எதையும் இதுவரை யாரும் தள்ளியதில்லை.

எங்கள் சபைக்கு மொத்தம் தொண்ணூறு பேர். முப்பது பேராவது சபையில் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதைக் கோரம் என்போம். "இன்னைக்குக் கோரம் இருக்கா?" என்று ஒருவர் கேட்பார். "உங்க மூஞ்சியில இருக்கு" என்பார் இன்னொருவர். எங்கள் வராந்தாவின் பழைய ஜோக் அது. அன்றைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

ஆறு நகரத்துக்குள் ஏற ஆரம்பித்திருந்தது. எதிர்ப்பக்கம் இருக்கும் பள்ளமான பகுதியைத் தாழ்கரை என்பார்கள். அந்தப் பக்கத்துக் கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் வெள்ளம் அங்கே இறங்கிவிடும், நகரம் தப்பிக்கும் என்று பொறியாளர்கள் சொன்னார்கள். அதற்குச் சபையின் அனுமதி வேண்டும். தாழ்கரையின் ஏழு உறுப்பினர்களில் நான்கு பேராவது சம்மதிக்கவும் வேண்டும். எப்போதோ ஒரு வெள்ளத்துக்குப் பிறகு யாரோ ஈரம் காயாத மனதோடு எழுதிவைத்த விதி.

சாலைகள் மூழ்கிவிட்டதால் இருபத்தாறு பேர்தான் மண்டபத்துக்கு வந்துசேர்ந்தார்கள். அவர்களைத் தவிர தாழ்கரைக்காரர்கள் ஏழு பேரும் வந்திருந்தார்கள். ஆனால் வெளி கேட்டைத் தாண்டாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வராவிட்டால் கோரம் இல்லை. கோரம் சேர்ந்துவிட்டால் சம்மத விதியையே மற்றவர்கள் திருத்திவிடலாம் என்பதால் அவர்களுக்கு வேறு ஆயுதமும் இல்லை. அவர்களின் தலைவி என் அக்கா. இந்த நுணுக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அவள் முதல்முறை ஜெயித்த வருடத்தில்.

அக்கா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை என்பதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். "ஒரே ஒரு நாள் குடுடா. சனங்களை மேட்டுக்கு ஏத்திட்டு நானே வந்து கை தூக்குறேன்." கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். புடவை நனைந்து முழங்காலோடு ஒட்டியிருந்தது. அம்மா போனபிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள்.

ஆனால் என்னிடம் ஒரு நாள் இல்லை ஐயா. என் மனைவி நகர மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் கிடந்தாள். டயாலிசிஸ் மெஷின்கள் எல்லாமே கீழ்த்தளத்தில். அவளோடு இருந்த அவள் தம்பி, என் மைத்துனன், விடாமல் போன் செய்துகொண்டிருந்தான். "மாமா, தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு." பிறகு, "மாமா, வார்டுக்குள்ள செருப்பெல்லாம் மிதக்குது. அக்கா உங்களத்தான் கேட்டுட்டே இருக்கா." நான் என்ன சொல்வேன்? சரி சரி என்றேன். ஒரு மனிதன் அந்த நேரத்தில் எப்படி இருப்பான் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

சபாநாயகர் நல்லவர், முடிவெடுக்க வராதவர். அறைக்குள் போனபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது வழி சொல்லுய்யா. ஊரே என்னைப் பாத்துக்கிட்டிருக்கு."

"விதியைத் திருத்தலாம் ஐயா."

"திருத்தறதுக்கும் கோரம் வேணுமே?"

"திருத்தறதுக்குத்தான் வேணும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்றதுக்கு வேணாம். அது உங்க அதிகாரம்."

விதியில் 'சபையில் இருக்கும் உறுப்பினர்கள்' என்று இருக்கிறது. சபை என்றால் எது? மண்டபம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயும் அப்படி எழுதியில்லை. வெளி கேட்டிலிருந்து பின்சுவர்வரை எல்லாமே சபைதான் என்று சபாநாயகர் விளக்கம் கொடுத்தால் அது செல்லும். கோரம் சேர்ந்துவிட்டால், தாழ்கரைச் சம்மதம் பற்றிய இரண்டாவது விதியை இருபத்தாறு பேரே திருத்திவிடலாம். சபையில் இருந்தும் எதிர்த்துக் கை தூக்காதவர் சம்மதித்தவராகவே கருதப்படுவார் என்று.

அவர்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரவேண்டியதுதான் பாக்கி. நானே குடையோடு போனேன்.

"மழையில நிக்காதீங்க. கேண்டீன்ல வந்து சூடா ஏதாவது குடிங்க. ஒரு நாள் குடுக்கறதைப் பத்தி சபாநாயகர் யோசிக்கிறார்."

அவர்களில் ஒருவர் வக்கீல். "கேண்டீன் சபையில சேராதே?" என்று கேட்டார்.

"இதுவரைக்கும் சேர்ந்ததில்லைங்க" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வக்கீல் அப்போதும் தயங்கினார். அக்காதான், "என் தம்பி சொல்றான், வாங்க" என்று முதல் ஆளாக உள்ளே வந்தாள். எல்லாருக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னேன். கேண்டீன் சுவரில் ஒரு மணி இருக்கிறது, வாக்கெடுப்புக்கு முன் அடிப்பது. மழைநீர் கசிகிறது, யாருக்காவது ஷாக் அடித்துவிடும் என்று சொல்லி எலெக்ட்ரீஷியனை விட்டு அதன் கம்பியைக் கழற்றவைத்தேன். உண்மையிலேயே கசிவு இருந்தது.

மற்ற மணிகள் எல்லாம் அடித்தன. சபாநாயகர் விளக்கத்தைப் படித்தார். ஒரு சொல்கூட விடவில்லை. முப்பத்துமூன்று பேர், கோரம் இருக்கிறது என்று நான் அறிவித்தேன். முதலில் விதியைத் திருத்த, பிறகு கரையை வெட்ட, இருபத்தாறு பேரும் கை தூக்கினார்கள். ஏழு பேர் தேநீர் குடித்துக்கொண்டே சம்மதித்தார்கள். சுத்தமான நடவடிக்கை அது.

பிறகு அக்கா என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள். "என்னடா ஆச்சு?"

கோபப்படாமல் கேளுங்கள் ஐயா. அவளிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? போன் போட்டிருப்பாள். தாழ்கரை முழுக்கக் கரைமேல் வந்து உட்கார்ந்திருக்கும், குழந்தை குட்டியோடு. மண்வெட்டும் இயந்திரத்தை யார் அவர்கள்மேல் ஓட்டுவது? நடந்த வேலையெல்லாம் வீணாகியிருக்கும்.

"இன்னைக்கு ஒண்ணும் நடக்காது அக்கா. நீ வீட்டுக்குப் போ."

"சனங்களை இப்பவே மேட்டுக்கு ஏத்தவா? கைக்குழந்தைங்க நெறைய இருக்குடா."

"இந்த மழையில எதுக்கு அலையவிடுற? காலைல பாத்துக்கலாம்."

என் கன்னத்தைத் தொட்டாள். "உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? நான் ஒருத்தி, அதைக் கேக்காம என் கதையையே பேசிட்டிருக்கேன்" என்றாள். பிறகு படகுத்துறைக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கரையை வெட்டினார்கள். அவள் உடலைப் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் எடுத்தார்கள். அவள் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும். மற்றவர்களின் கணக்கு உங்களிடம் இருக்கிறது. நான் அதை முழுதாகப் படிக்கவில்லை. என் மனைவி படித்தாள். அதற்குப் பிறகு நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். உடம்பு முடியாதவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

இனி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, மைத்துனனின் கடைசி போன் எப்போது வந்தது என்பது. நான் மறைக்கவில்லை. அது நான் குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குக் கிளம்பும்போதே வந்தது.

"மாமா, அக்காவை மூணாவது மாடிக்கு ஏத்தியாச்சு. மெஷினையும் தூக்கிட்டு வந்துட்டாங்க. எல்லா நோயாளிங்களும் மேலதான் இருக்காங்க. இனி பயமில்ல, நீங்க நிம்மதியா இருங்க."

நல்லது என்று சொல்லி வைத்தேன். கையில் விளக்கத்தின் நகல் இருந்தது. சபாநாயகர் வாசலில் நின்று, "இது நிக்குமாய்யா?" என்று கேட்டார். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும் என்றேன். அவர் பார்த்த அந்த மரியாதையோடு என் சர்வீஸில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன்.

என் மனைவியைக் காப்பாற்றத்தான் செய்தேன் ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.