நாற்பத்திரண்டாவது குறை

காலை ஒன்பதே காலுக்கு நான் லிஃப்டுக்குள் எலுமிச்சை வாசனை ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தேன். மூன்று அழுத்து போதும் என்று புட்டியில் போட்டிருந்தது. நான் நான்கு அழுத்தினேன். கஞ்சத்தனம் என் சுபாவத்தில் இல்லை.

உங்களுக்கு ஹோட்டல் தொழில் பழக்கமிருக்காது. கட்டடம் எங்களுடையது, பலகையில் இருக்கும் பெயர் ஒரு பெரிய ஹோட்டல் கம்பெனியுடையது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி ஒரு பட்டியல் அனுப்பும். அதன்படி புதுப்பித்தாக வேண்டும். எங்களுக்கு வந்ததில் நாற்பத்தொரு குறைகள். இரண்டு ஆய்வில் தோற்றிருந்தோம். மூன்றாவதிலும் தோற்றால் மொட்டைமாடியிலிருக்கும் பெயர்ப்பலகையை அவர்களே வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணமான மறுவாரம் நானும் மனைவியும் சேர்ந்து ஏற்றிய பலகை.

முப்பத்தெட்டாவது குறை, பின்பக்கத்துப் பழைய படிக்கட்டு. அதை மூடி, ஒவ்வொரு தாழ்வாரத்தின் கடைசியும் ஒரே சுவராகத் தெரிய வேண்டும். அதற்கடுத்தது, பழைய பொருள் எதுவும் கண்ணில் படக் கூடாது. பழைய சாமான் வாங்குகிறவர் நான்கு நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு பஞ்சு மெத்தைகள் தாழ்வாரங்களில் சாய்ந்து கிடந்தன.

மச்சான்தான் வழி கண்டுபிடித்தார். மனைவியின் அண்ணன். எங்கள் மேனேஜரும் அவர்தான்.

"மாப்ளே, கண்ணுல படக் கூடாதுன்னுதான போட்டிருக்கான்? இருக்கக் கூடாதுன்னு போடலையே."

"உங்கள வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும்."

"வெச்சிருந்தா உன்னை மாதிரி ஆளுக்குத்தான் வாதாடிட்டு இருப்பேன்."

அவரை எனக்குப் பிடிக்கும். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாடிகளின் மெத்தைகளை முந்தின நாளே படிக்கட்டில் தள்ளி, கதவுகளின் மேல் பலகை அடித்தாயிற்று. மீதி மூன்றாவது மாடி, அன்று காலை. கடைசி மெத்தை உள்ளே போக மறுத்தது. மச்சான் உள்ளே போய் இழுத்தார்.

"நீ கதவைச் சாத்திப் பலகையை அடிக்கச் சொல்லு மாப்ளே. நான் கீழ் வழியா ஊர்ந்து வந்துடறேன்" என்றார். தச்சர் அடித்தார். வேலை சுத்தம். விரலால் தடவினால்கூட இணைப்பு தெரியவில்லை.

பத்து ஐம்பதுக்குக் கம்பெனிக்காரர் ஆய்வுக்கு வந்தார். அவருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. படிக்கட்டின் கீழ்க்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கழற்றிய வாஷ்பேசின்களை அதன்மேல் சாய்த்து அடுக்கித் தார்ப்பாய் போடும்படி காலையில் நான்தான் தோட்டக்காரரிடம் சொல்லியிருந்தேன். மச்சானுக்கு அது தெரியாது.

ரிசப்ஷன் மேசைமேல் அவருடைய செல்போன் இருந்தது. பக்கத்தில் இன்ஹேலர். அவருக்கு வீசிங் உண்டு, தூசி ஆகாது. மேசைமேல் சொந்தப் பொருட்கள் இருக்கக் கூடாது என்பது ஒன்பதாவது குறை. இரண்டையும் எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

கம்பெனிக்காரர் நல்ல மனிதர். ஒவ்வொரு அறையிலும் கட்டில்மேல் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தார். பன்னிரண்டரைக்கு மூன்றாவது மாடிக்குப் போனோம். தாழ்வாரத்துக் கடைசியில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் திருப்பித் தட்டியது.

"என்ன சார் சத்தம்?"

"குழாய் சார். தண்ணி ஏறும்போது அப்படித்தான்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். தச்சர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கீழே பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பலகையைப் பிரித்தால் மெத்தை வெளியே விழும். கம்பெனிக்காரரின் காலடியில் விழும். கீழே தார்ப்பாயை விலக்கினால் பழைய வாஷ்பேசின்கள் கண்ணில் படும். மச்சானே அதை விரும்பியிருக்க மாட்டார். அவருடைய யோசனை அது.

ஒன்றே காலுக்குச் சத்தம் நின்றது. களைத்துப்போய்ப் படுத்திருப்பார் என்று நினைத்தேன். உள்ளே மெத்தைக்குக் குறைவில்லை.

நான் அவரை உள்ளே வைத்து அடைக்கவில்லை. திறக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்று என்று நீங்கள் சொல்கிறீர்கள். மறுநாள் காலையில் பலகையைப் பிரித்துப் பார்த்தவர் நீங்கள், சொல்லலாம். அவருடைய நகங்களைப் பற்றி நீங்கள் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வாக்குமூலத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். நாங்கள் தேறிவிட்டோம்.

நாலரைக்குக் கம்பெனிக்காரர் அறிக்கையின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து அண்ணனுக்குப் போன் அடித்து அலுத்திருந்தாள்.

"இந்த நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சது இந்த அண்ணன்? வரட்டும், இனிப்பு அதுதான் வாங்கித் தரணும்" என்றாள்.

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக வாசித்தாள். லிஃப்ட், சரி. மேசை, சரி. திரைச்சீலை, மிக நன்று. நாற்பத்தொன்றும் சரி. எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"புதுசா ஒண்ணு சேத்திருக்காருங்க. நாப்பத்திரண்டு. மூணாவது மாடி, கடைசிச் சுவர்ல குழாய்ச் சத்தம், முப்பது நாளுக்குள்ள சரிபண்ணணுமாம்." மறுபடி ஒருமுறை வாயசைத்துப் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பக்கம் குழாயே கிடையாதேங்க?"