காவல் இல்லாத நகரம்

ஹலோ... ஹலோ, அண்ணி? நான்தான்... ஆமா, ஆமா, உங்க நாத்தனார்தான். மூணு வருஷத்துல குரல் மறந்துபோச்சா... சரி, சரி, சண்டை போடக் கூப்பிடல. அண்ணன்கிட்ட குடுங்க...

இல்ல, கண்ணாடிக் கடையிலதான் இருக்கேன். லென்ஸ் தேய்க்கற மிஷின் சத்தம் அது... இருங்க, பின்னாடி ரூமுக்கு வரேன்... ஹாங், இப்ப கேக்குதா?... குடுங்களேன்... ஏன், என்கூட பேச மாட்டாராமா? அப்ப நீங்களே கேட்டுச் சொல்லுங்க. எதுக்கு இப்படி ஆடறார்னு.

அதான் அண்ணி, போன்ல ஆடுவோமே, ராஜ்யம் கட்டற விளையாட்டு... ஆமா, அதேதான். பேச்சுவார்த்தை நின்னாலும் அது நிக்கலையே. காலைல நான் ஒரு முறை ஆடுவேன், அப்புறம் அவர் ஒரு முறை. ஒரு நாளைக்கு அவ்வளவுதான்...

இல்ல, நான் சொல்றதை முதல்ல கேளுங்க. மூணு வாரமா உங்க வீட்டுக்காரர் ஒரு படையைக்கூட நகத்தல. ஊர் கட்டல, மதில் எழுப்பல. ஆனா தினமும் 'முறை முடிந்தது'ன்னு மட்டும் வருது. ஆத்தோரமா அவரோட தலைநகரம், காவலுக்கு ஒரு ஆள் இல்ல. எனக்கா தெரியாது அவரை? ஆத்தைக் கடக்கும்போது படைக்குப் பலம் பாதியாயிடும். நான் தண்ணில கால் வெச்சதும் காட்டுக்குள்ள ஒளிச்சு வெச்ச குதிரைப்படையை ஏவி விடுவார். ரெண்டு தடவை மாட்டியிருக்கேன். அதான் பத்து நாளா அந்தக் காட்டைச் சல்லடை போட்டுச் சலிச்சேன். ஒரு குதிரை இல்ல...

முடிச்சிடறேன் அண்ணி, இருங்க. இன்னைக்கு எட்டு மணிக்கு, வந்தது வரட்டும்னு நேரா தலைநகரத்துக்கே போயிட்டேன். திறந்த வீட்டுல நாய் நுழைஞ்ச மாதிரி நுழைஞ்சேன். புடிச்சிட்டேன். எனக்கே அவமானமா இருந்துச்சு. விட்டுக்குடுக்கறதா இருந்தா வாயைத் தொறந்து சொல்லட்டுமே, எதுக்குப் பிச்சை போடற மாதிரி...

என்னது?... நீங்களா?... புரியல, நீங்க எதுக்கு அழுத்தறீங்க? உங்களுக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியாதே... அவரா சொன்னார்? 'அந்தப் பச்சை பட்டனை மட்டும் தினமும் அழுத்திடு'ன்னா?... ஏன், அவர் கைக்கு என்ன...

எப்பலேந்து?... ஒரு மாசமாவா... ம்... ரத்தத்துலயா... ம்... கையே தூக்க முடியாம...

எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா அண்ணி? ஒரே ஒரு வார்த்தை... வேணாம்னாரா... முறை நின்னுபோச்சுன்னா நான் பயந்துடுவேன்னா அழுத்தச் சொன்னார்...

'அவ சமாதானத்துக்கு ஒத்துக்கட்டும், அன்னைக்கே கூப்பிடறேன்'னாரா... படை நகராம நிக்கறதுக்கு முன்னாடி நாலு தடவை அனுப்பினார் அண்ணி. அந்த விளையாட்டுலயே கேக்கலாம், சமாதானமா போலாமான்னு. நாலு தடவையும் நான் 'வேண்டாம்' தட்டினேன். தோக்கப் போறார், அதான் இறங்கி வரார்னு கணக்கு போட்டேன். அதெல்லாம் ஆஸ்பத்திரிலேந்தா அனுப்பினார்?...

சரி, சரி, போனதை விடுங்க. போனை அவர் காதுல வைங்க. அவர் பேச வேணாம், நான் பேசறேன். புடிச்ச ஊரையெல்லாம் திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்றேன்... வைங்க அண்ணி... ஏன் பேச மாட்டேங்கறீங்க...

...

காலைலயா.

...

ஏழு மணிக்கா... எட்டரைக்கு எனக்கு 'முறை முடிந்தது' வந்துச்சே அண்ணி... அவர் போனதுக்கு அப்புறமுமா அழுத்தினீங்க?... ம்... எனக்கு போன் பண்ணக் கை வரல, அதையாவது செய்யலாம்னு... ம்... ம்.

அண்ணி, அவரை எடுத்துடாதீங்க. அப்பாவை நான் வர்றதுக்குள்ள எடுத்த மாதிரி... ஐயோ, சண்டைக்குச் சொல்லல. அவர் மேல எனக்கு இருந்தது அந்த ஒரு கோபம்தான். மூணு வருஷமா அது ஒண்ணுதான்...

என்ன சொன்னார்?... அவரேவா சொன்னார்... 'அவ வராம என்னை எடுக்காதீங்க'ன்னா... எப்ப?... நேத்தா... எவ்வளவு நேரம் ஆனாலும்னா...

இருக்கேன்... இருக்கேன் அண்ணி, லைன்லதான் இருக்கேன். முதலாளிகிட்ட சொல்லிட்டுக் கிளம்பறேன். ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்... இல்ல, துணைக்கு யாரும் வேணாம், வந்துடுவேன்.

அவர் பக்கத்துல யார் இருக்கா?... நீங்க எழுந்திரிக்காதீங்க, அங்கயே உக்காருங்க. அண்ணி, அவர்கிட்ட சொல்லுங்க, தங்கச்சி கிளம்பிட்டான்னு... கேக்காதுன்னு எனக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க.

...

சொல்லிட்டீங்களா?... சரி. வெக்கறேன்.