சுவரோரம் பதினாறு சூரியகாந்தி

— முதல்ல கீழ இறங்குங்கண்ணே. அந்த முக்காலி உங்களைத் தாங்குதா, நீங்க அதைத் தாங்குறீங்களான்னே தெரியல.

— இருங்க டெய்லரம்மா. இந்த ஒரு பூவோட கழுத்துதான். இதைத் திருப்பிக் கட்டிட்டு இறங்கிடறேன்.

— எதை வச்சுக் கட்டறீங்க? காட்டுங்க பாப்போம். அடக் கடவுளே, தையல் நூலு! இதுல சட்டைப் பொத்தானே ஒழுங்கா நிக்காது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கற தலை நிக்குமா?

— மெதுவாப் பேசுங்கம்மா. ஜன்னல் திறந்திருக்கு. எங்க வீட்டு டீச்சர் இப்பதான் மாத்திரை போட்டுட்டுக் கண்ணசந்திருக்கா.

— நான் ஏன் மெதுவாப் பேசணும்? என் வீட்டு வாசல்ல நான் நிக்கறேன். என் குரல் உங்க டீச்சர் காதுல விழக்கூடாதுன்னா, காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லுங்க.

— ஐயோ, அதுக்குச் சொல்லலம்மா.

— பின்ன எதுக்கு? பொழுது விடிஞ்சதும் பூவோட மல்லுக்கு நிக்கறீங்க. ரிடையர் ஆன மனுஷன்னா பேப்பர் படிக்கணும், தூங்கணும், பெண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கணும். இது என்ன வேலை?

— பின்ன என்னம்மா? பதினாறு செடி. நான் குழி தோண்டினேன், நான் தண்ணி ஊத்தினேன், அணில் பின்னாடி நான் ஓடினேன். பூத்ததும் பதினாறும் பேசி வச்ச மாதிரி உங்க வீட்டைப் பாத்து நிக்குது. எங்க பக்கம் வெறும் முதுகு! கூட்டத்துல கடைசி வரிசையில நிக்கற மாதிரி இருக்கு எனக்கு.

— அதுக்கு நான் என்ன பண்றது? நான் ஒண்ணும் கண்ணடிச்சுக் கூப்பிடலையே.

— சூரியகாந்தின்னா சூரியன் பின்னாடியே சுத்தும்னுதானே எல்லாரும் சொல்றாங்க? காலையில உங்க பக்கம், சாயங்காலம் எங்க பக்கம். ஆளுக்கு ஒரு ஷிப்டு. மொட்டா இருந்தப்ப அப்படித்தான் இருந்துச்சு, நானே பாத்தேன். நாலு மணிக்கெல்லாம் ஒழுங்கா எங்க பக்கம் வந்துடும். இதழ் விரிஞ்சதும் ஸ்டியரிங் இறுகிப்போச்சு. இந்தப் பக்கம் வர மாட்டேங்குது.

— அதான் கழுத்தைத் திருகறீங்களா? அந்தக் கடைசிச் செடிக்கு ஏன் தலை தொங்குது?

— அது… அது நேத்து. கொஞ்சம் வேகமா ஒடிச்சுத் திருப்பிட்டேன்.

— முப்பது வருஷம் பஸ்ஸு ஓட்டுன கை! அதுக்கு எல்லாமே லாரி டயருதான்.

— ஒரே ஒரு பூதாம்மா.

— பாவம். நல்ல பெரிய பூ அது. அதுகிட்ட நின்னுதான் என் கஸ்டமரு பொண்ணு போன வாரம் போட்டோ எடுத்துச்சு. "அக்கா, உங்க தோட்டமா?"ன்னு கேட்டுச்சு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொல்றது? ஆமான்னுட்டேன்.

— டெய்லரம்மா!

— பின்ன, "இல்லம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க வளக்கறாங்க, எனக்கும் அந்த வீட்டு டீச்சருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, ஆனா அவங்க பூவுக்கு என்னைப் பிடிச்சிருக்கு"ன்னா சொல்ல முடியும்? ஒத்தை வார்த்தையில முடிச்சேன். ஆமா, விதை எங்க வாங்கினீங்க? எல்லாரும் கேக்கறாங்க. வெளியூர்ல இருந்து வரவழைச்சதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— விதையெல்லாம் வாங்கல. அது குருவித் தீனி.

— என்னது?

— குருவித் தீனிம்மா. டீச்சர் விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சப்ப, பொழுது போகட்டும்னு பையன் ரெண்டு லவ் பேர்ட்ஸ் வாங்கிக் கொடுத்தான். கூடவே ஒரு மூட்டைத் தீனி. ஒரு நாள் கூண்டைக் கழுவறேன்னு போனேன். ரெண்டும் பறந்துடுச்சு.

— கதவை மூடலையா?

— முப்பது வருஷமும் கதவு மூடறது கண்டக்டர் வேலையா இருந்துச்சும்மா. எனக்குப் பழக்கமில்ல.

— நல்லா இருக்கு நியாயம்!

— டீச்சர் ரெண்டு நாள் என்கூடப் பேசல. அப்புறம், "மூட்டையை ஏன் வீணாக்கணும்? கோடு போட்ட விதையாப் பொறுக்குங்க"ன்னா. தோல் உரிச்சதெல்லாம் முளைக்காதாம். முளைக்குதான்னு பாக்க, முதல்ல பத்து விதையை ஈரத்துணியில சுத்தி வைக்கச் சொன்னா. நாலாம் நாள் எட்டு முளைச்சுடுச்சு. அப்புறம் கட்டில்ல படுத்துக்கிட்டே உத்தரவு. இங்க தோண்டு, அங்க தோண்டு, ஒண்ணரை அடி விடு, ஸ்கேல் வச்சு அள. பொறுக்கறப்ப தினையும் கம்பும் கொஞ்சம் கலந்துபோச்சு போல. புல்லுன்னு நெனச்சுப் பாதியப் பிடுங்கிட்டேன். மீதியில கதிர் வந்து, ஊர்க் குருவிக்கெல்லாம் நம்ம வீடுதான் ஓட்டல்.

— வளத்த குருவி போனாலும் தீனிக்குக் குருவி வந்துடுச்சுன்னு சொல்லுங்க.

— சிரிக்காதீங்கம்மா. எனக்கு வயிறு எரியுது. அவ அஞ்சு மாசமா அந்தக் கட்டில்லதான். ஜன்னலைத் தவிர வேற உலகமில்ல. அந்த ஜன்னலுக்கு நேராத்தான் இந்தச் சுவரு, இந்தச் செடி. பூ வந்தா பாப்பா, மனசு தெளியும்னு நெனச்சேன். இப்ப தினமும் கேக்கறா, "பூத்துச்சா, பூத்துச்சா"ன்னு.

— பூத்து எட்டு நாளாகுதே.

— அவளுக்குத் தெரியாது. அவ பக்கம் பச்சை முதுகுதானே தெரியுது? "இன்னும் மொட்டுதாம்மா"ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.

— எட்டு நாளாவா?

— எட்டு நாளா.

— டீச்சர்கிட்டவே! பள்ளிக்கூடத்துல பையன் வயித்துவலின்னு சொன்னா, எந்தப் பக்கம் வலின்னு கேட்டுப் பிடிக்கற ஆளுகிட்ட!

— வேற வழி? "உனக்குன்னு வளத்தேன், எல்லாம் அடுத்த வீட்டைப் பாத்துப் பூத்துடுச்சு"ன்னு எப்படிச் சொல்றது? அதுவும் உங்க வீடு.

— என் வீட்டுக்கு என்ன குறைச்சல்?

— குறைச்சல் இல்லம்மா. டெய்லரம்மா, நான் சுத்தி வளைக்காமச் சொல்லிடறேன். இன்னும் ஒரு வாரந்தான். அப்புறம் இதழெல்லாம் கொட்டிடும். அடுத்த தடவை நட்டுப் பூக்கறதுக்குள்ள அவ எப்படி இருப்பாளோ, யாரு கண்டா? டாக்டர் சக்கர நாற்காலியில அரை மணி நேரம் உக்காரலாம்னுட்டார். உங்க வாசல்ல, அந்த மெஷினுக்குப் பக்கத்துல, ஒரே ஒரு தடவை அவளை உக்கார வச்சுக் காட்டிட்டுப் போயிடறேன்.

— என் வாசல்லயா? டீச்சரையா?

— பத்து நிமிஷம்.

— பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே வாசல்ல நின்னு என்ன பேசினாங்கன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

— பழசை ஏம்மா பிரிக்கறீங்க…

— பிரிக்கத்தான் செய்வேன். தப்பாத் தச்சதைப் பிரிக்காம எப்படித் திரும்பத் தைக்கறது? ஸ்கூல்ல அவங்களுக்குப் பிரிவு உபசார விழா. பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாங்க. கூடவே அளவு ஜாக்கெட் ஒண்ணு கொடுத்தாங்க. அந்த அளவு ஜாக்கெட்டை விரிச்சுப் போட்டு, ஒரு நூல் கூடாம, ஒரு நூல் குறையாம வெட்டினேன். போட்டுப் பாத்தா கை நுழையல. ஆறு பேர் உக்காந்திருந்தாங்க கடையில. ஜாக்கெட்டை என் மேசை மேல வீசினாங்க. "துணியைக் கெடுக்கறதுக்குன்னே கத்தரிக்கோல் பிடிக்கறவ"ன்னாங்க. என்னை! பதினஞ்சு வயசுல மெஷின் மிதிக்க உக்காந்தவளை!

— விழா நேரம்மா. பதட்டத்துல சொல்லிட்டா.

— பதட்டம் ஒரு நாள் இருக்கும். அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் ஒண்ணு என் கடைக்கு வந்துச்சா? டீச்சர் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. ரெண்டு ஆளு வச்சிருந்தேன், நிறுத்திட்டேன். நான் பாட்டுக்குக் கிழிஞ்ச பேண்ட்டும் பிஞ்ச ஜிப்பும் தச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அளவுல எங்க தப்பு? நானும் எத்தனை தடவை மனசுக்குள்ள அந்த ஜாக்கெட்டைத் திரும்ப வெட்டிப் பாத்துட்டேன்! தப்பே வர மாட்டேங்குது.

— எனக்குத் துணி அளவெல்லாம் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் அவ உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசி நான் கேட்டதில்ல.

— நல்லதாவும் பேசியிருக்க மாட்டாங்க.

— அது… பேசல.

— பாத்தீங்களா.

— சரிம்மா. கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. நான் இந்த நூலை அவுத்துட்டுப் போறேன்.

— அதுக்குள்ள மூஞ்சியைத் தொங்கப் போட்டாச்சு! இருங்க. உண்மையைச் சொல்லணும்னா, நானும் இந்த எட்டு நாளா கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். மெஷின்ல இருந்து நிமிந்தா, சுவத்துக்கு மேல பதினாறு தலை. வரிசையா எட்டிப் பாக்குது. "அக்கா, என் துணி ஆச்சா, அக்கா, என் துணி ஆச்சா"ன்னு. முன்னாடியெல்லாம் ஸ்கூல் திறக்கற மாசம் இப்படித்தான் நிப்பாங்க.

— அப்ப கூட்டிட்டு வரட்டுமா?

— என் வாசல்ல ரெண்டு படி இருக்கு. நாற்காலி ஏறாது. வெட்டு மேசைப் பலகையைக் கழட்டிச் சாய்ச்சுப் போட்டா ஏறும்.

— நான் கழட்டறேன்!

— நீங்க தொட வேணாம். பூ பட்ட பாடு போதும். ஆனா ஒண்ணுண்ணே. டீச்சர் கூப்பிடணும். உங்க வாயால இல்ல, அவங்க வாயால. "டெய்லரம்மா"ன்னு ஒரு வார்த்தை, அந்த ஜன்னல்ல இருந்து. அவ்வளவுதான் நான் கேக்கறது.

— அவ செத்தாலும் கூப்பிட மாட்டாம்மா. அவ கழுத்து இந்தப் பூவை விட இறுக்கம்.

— அப்ப பலகை மேசையிலயே இருக்கட்டும்.

— என்னங்க!

— ஐயய்யோ, முழிச்சுட்டா. டெய்லரம்மா, குனிஞ்சுக்குங்க.

— நான் எதுக்குக் குனியணும்?

— என்னங்க, உங்களைத்தான். ஜன்னல்கிட்ட வாங்க.

— வந்துட்டேன், வந்துட்டேன். என்னம்மா, தண்ணி வேணுமா? தலகாணியைச் சரி பண்ணவா?

— பூ பூத்துச்சா?

— இன்னும் இல்லம்மா. இதோ அதோன்னு மொட்டா நிக்குது. நாளைக்கு, இல்லன்னா நாளன்னிக்கு…

— மொட்டுல தேனீக்கு என்ன வேலை?

— தேனீயா? எங்க?

— காலையில இருந்து கண்ணு முன்னாடி போகுது, வருது. போறப்ப வெறுங்காலு, வர்றப்ப மஞ்சக்காலு. காரணம் கூறுக.

— … பூத்துடுச்சு. எட்டு நாளாச்சு. உன் பக்கம் திரும்ப மாட்டேங்குது, அதான் சொல்லல. போதுமா?

— அதுக்காக ஒண்ணோட கழுத்தை ஒடிச்சீங்களாக்கும்.

— அதுவுமா தெரியும்?

— நேத்து "போச்சே, போச்சே"ன்னு அடிச்சுக்கிட்டது யாரு, பக்கத்துத் தெருக்காரரா? இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசின ரகசியமும் ஒண்ணு விடாமக் கேட்டுச்சு. மாத்திரை எனக்குத் தூக்கம் கொடுத்து ரொம்ப நாளாச்சு.

— எல்லாமே கேட்டுடுச்சா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. ஒரே ஒரு வார்த்தை கூப்பிடும்மா. பலகை தயாரா இருக்கு. நீ போய்ப் பாக்கலாம்.

— நான் பாக்கறது இருக்கட்டும். குழி எங்கெங்க போடணும்னு யாரு சொன்னது?

— நீதான். சுவத்தை ஒட்டி ஒரு அடி தள்ளி.

— ஸ்கூல்ல நான் என்ன பாடம் எடுத்தேன்?

— அறிவியல். இப்ப எதுக்கு அது?

— முப்பத்தொரு வருஷம் ஒரே படத்தை போர்டுல வரைஞ்சிருக்கேன். இளசா இருக்கறப்பதான் சூரியகாந்தி சுத்தும். முத்திப்போனா கிழக்கைப் பாத்து நின்னுடும். அப்புறம் யாரு சொன்னாலும் திரும்பாது. பெரிய மனுஷங்களும் அப்படித்தான்.

— அப்ப… நட வைக்கறப்பவே உனக்குத் தெரியுமா, அது அந்தப் பக்கந்தான் பாக்கும்னு?

— தெரியாம?

— தெரிஞ்சேவா அங்க போடச் சொன்னே? அப்ப நீ எப்படிப் பாக்கறதா இருந்தே?

— நான் பாக்கணும்னா சமையக்கட்டுக்குப் பின்னாடி நடச் சொல்லியிருப்பேனே. அங்க நட்டா எல்லாம் நம்ம வீட்டைத்தான் பாக்கும். கட்டிலை அந்தப் பக்கம் இழுத்துப் போடறது ஒரு பெரிய வேலையா?

— பின்ன யாரு பாக்கணும்னு என்னை எழுபது நாள் தண்ணி சுமக்க விட்டே?

— ஜன்னலை முழுசாத் திறங்க. இன்னும். ம், போதும்… டெய்லரம்மா.

— … இங்கதான் இருக்கேன். சொல்லுங்க டீச்சர்.

— நான் கொடுத்த அளவு ஜாக்கெட் என்னோடது இல்லம்மா, என் தங்கச்சியோடது. அன்னிக்கு விழா முடிஞ்சு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, என்னோடது உள்ளயே இருக்கறதைப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்.